மருந்துக்கு அடங்காத கிருமியும் பஞ்சுக் குச்சியும்

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, அக்கரையில் இறங்கி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வரும் நம் தோட்டத்து மக்களை அங்கே நிறையக் காணலாம். மார்க்கெட் ஸ்திரீட்டில் புடவை, பினாங்கு ஸ்திரீட்டில் பலகாரம், குயின் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோயில் என்று சுற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போயிருந்தோம். மருந்துக் கடை ஒன்றின் வாசலில், எங்களிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனின் தாயார் கோபமாக நின்றுகொண்டிருந்தார். கையில் வெற்றுக் கேப்சூல் அட்டை ஒன்று இருந்தது. அதே மருந்து வேண்டும் என்று கேட்டாராம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

"யாருக்கம்மா மருந்து?" என்று கேட்டோம்.

"எங்க மாமியாருக்குத்தான் வாத்தியாரையா. ஆஸ்பத்திரியில பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்து, என்னமோ கிருமி இருக்குன்னு சொல்லிட்டாங்க. தனி ரூம்புல போட்டு, கையுறை மாட்டிக்கிட்டுத்தான் தொட்டாங்க. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஆனா அந்தக் கிருமிக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கலே. அப்படி என்னதான் சீக்கு அது?"

அந்த மூதாட்டிக்கு நீரிழிவு. நாம் இனிப்புநீர் என்கிறோமே, அதுதான். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை. பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. லயத்தில் செய்தி பரவி, அண்டை வீட்டார் வாசலோடு விசாரித்துவிட்டுப் போகிறார்கள். 'நான் என்ன பாவம் பண்ணினேன்' என்று கிழவி கேட்கிறாராம். அன்று தெருவோரத்தில் நின்று அந்த அம்மாவுக்கு நாங்கள் அரையும் குறையுமாகச் சொன்னதைத்தான் இன்று சற்று விரிவாக உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறோம்.

'ஒதுக்கி வைத்தல்' என்ற சொல்லே நம் மக்களுக்குக் கசப்பானது. அதற்குக் காரணம் உண்டு. பினாங்குத் தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஜெரஜாக் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளர் இல்லம் ஒன்றையும், கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தடுத்து வைக்கும் நிலையம் ஒன்றையும் அமைத்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிக் கடல் கடந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர், பினாங்கு மண்ணை மிதிப்பதற்கு முன் அப்படிப்பட்ட நிலையத்தில் நாள் எண்ணிக் காத்துக் கிடந்தவர்கள். (பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அதே தீவு சிறைச்சாலையாகவும் இருந்தது என்பது வேறு கதை.) அக்காலத்தில் யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சோதித்து அறிய வழி கிடையாது. ஆகவே கப்பலோடு மொத்தமாக நிறுத்தினார்கள். நோய் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கொட்டகையில் கிடந்தார்கள். இன்றைய பஞ்சுக் குச்சிச் சோதனை அதற்கு நேர் மாறானது. நூறு பேரை ஒதுக்காமல், யாரைச் சுற்றிக் கவனம் வேண்டுமோ அந்த ஒருவரை மட்டும் காட்டிக் கொடுக்க வந்தது அது.

முதலில் கிருமியைப் பற்றிப் பார்ப்போம். நம் உடம்பில் கிருமி இல்லாத நாளே கிடையாது. தோலிலும் மூக்கிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்று ஒரு பாக்டீரியா. சீழ்க்கட்டிக்கும் புண் பழுப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஆனால் மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவரின் மூக்கில் அது சும்மா குடியிருக்கிறது. எந்தத் தொல்லையும் தருவதில்லை. குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இன்றைய பேச்சில் பாதி விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1928ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்கிறது. அந்தச் சுவரைக் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்வதுதான் பெனிசிலின் செய்யும் வேலை. சுவர் எழும்பாது, பாக்டீரியா வெடித்துச் சாகும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். தொண்டை வலிக்காரர் ஒருவர் தாமாகவே பெனிசிலின் வாங்கி, கிருமி சாகாத அளவில், ஆனால் அது பழகிக்கொள்ளும் அளவில் சாப்பிடுகிறார். பிறகு அந்தப் பழகிய கிருமி அவர் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்குப் பெனிசிலின் கொடுத்தும் பயனில்லை, அவள் இறந்துபோகிறாள் என்று ஒரு கற்பனைக் கதையைச் சொன்னார். மிச்ச மாத்திரையை டப்பாவில் வைத்திருந்து அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். கேப்சூல்களை வாடகை கேட்கும் கைமாற்றுக் கடன்போல லயம் முழுதும் கைமாற்றுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி ஆன்டிபயாட்டிக் மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது. அந்த மருந்துக் கடைக்காரர் செய்தது சரிதான். அன்று அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது எங்களையும் சேர்த்துத்தான் முறைத்தார்.

கிருமி பழகுவது எப்படி? கோடிப் பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டு, பிறப்பிலேயே சிறு மாற்றம் கொண்டவையாக இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தைக் காலி செய்துவிட, மிஞ்சிய இவை பெருகிவிடுகின்றன. செம்பனைத் தோட்டத்தில் ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத புல் மட்டும் வரிசையெங்கும் பரவுவதை நீங்கள் கண்டதில்லையா? அதே கணக்குத்தான். பாக்டீரியாவிடம் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. மருந்தை வெல்லும் வித்தை எழுதிய மரபணுவைச் சிறு வளையமாக்கிப் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். பரீட்சை மண்டபத்தில் துண்டுச் சீட்டு கைமாறுவதுபோல. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்குகிற உவமை! இனம் வேறாக இருந்தாலும் சீட்டு கைமாறும் என்பதுதான் இதில் அச்சம் தருவது.

பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளுக்காக 1959இல் மெத்திசிலின் என்ற புது மருந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மருந்தால் பிடிக்க முடியாத புதுக் கொத்தனார் ஒருவரை அது வைத்திருக்கிறது. அந்தக் கொத்தனாரை உண்டாக்கும் மரபணுவுக்கு 'மெக் ஏ' என்று பெயர்.

இதைவிடக் கடுமையான கதை நம் பக்கத்தில் நடந்தது. சுவீடனில் வாழ்ந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 59 வயதுக்காரர் ஒருவர் 2007இன் இறுதியில் புது டில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 2008 ஜனவரியில் அவருடைய சிறுநீரில் 'கிளெப்சியெல்லா' என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். மற்ற மருந்துகள் கைவிட்டபோது கடைசி அரணாக டாக்டர்கள் வைத்திருப்பது 'கார்பபெனெம்' வகை மருந்து. அந்த மருந்தையே துண்டு துண்டாக நறுக்கிப் போடும் நொதி ஒன்று அந்தப் பாக்டீரியாவிடம் இருந்தது. அதே மனிதரின் மலத்தைச் சோதித்தபோது 'ஈ கோலை' என்ற வேறோர் இனப் பாக்டீரியாவிடமும் அதே மரபணு இருந்தது. துண்டுச் சீட்டு கைமாறிவிட்டது! 2009இல் இதை வெளியிட்டவர்கள் நொதிக்குப் புது டில்லியின் பெயரை வைத்து என்.டி.எம்.-1 என்றார்கள்.

அடுத்த ஆண்டு, 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தது. இந்த மரபணு கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்ததாக அதில் கூறப்பட்டது. பிரிட்டனில் கண்ட நோயாளிகளில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் வந்தவர்கள். இந்தியாவில் பெரிய சச்சரவு எழுந்தது. தலைநகரின் பெயரைக் கிருமிக்குச் சூட்டுவதா, இது மருத்துவத்துக்காக வரும் வெளிநாட்டாரை அச்சுறுத்தும் செயல் அல்லவா என்று கேட்டார்கள். பெயர் வைத்த விதத்தில் நமக்கும் வருத்தந்தான். ஓர் ஊரின் பெயரை நோயோடு ஒட்டவைத்தால் அந்த ஊரார் தலைகுனிய நேரிடுகிறது. அதன் பயனாக உண்மையைச் சொல்லத் தயங்குகிறார்கள். ஆனால் கண்டுபிடிப்பு பொய்யல்ல. 2011இல் புது டில்லியிலேயே 50 குடிநீர்க் குழாய்களின் நீரைச் சோதித்ததில் இரண்டில் அந்த மரபணு இருந்தது. சென்னையிலேயே 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கட்டுப்படுத்த வழி வகுத்து 'சென்னைப் பிரகடனம்' என்று வெளியிட்டன.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் போய் வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! போன இடத்தில் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வருவதும் உண்டு. ஆகவேதான் பல நாடுகளில், ஆஸ்பத்திரியில் சேரும்போது, 'கடந்த ஓராண்டில் வேறு ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா? வெளிநாட்டில் சிகிச்சை பெற்றீர்களா?' என்று கேட்கிறார்கள். இது வெறும் படிவக் கேள்வி அல்ல. ஆம் என்றால் பஞ்சுக் குச்சி வரும்.

அந்த மூதாட்டியின் விஷயத்தில் நடந்தது இதுதான். கால் புண்ணுக்காக அவர் முன்பே வேறோர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்திருக்கிறார். இரண்டாவது இடத்தில் கேட்டபோது குடும்பத்தார் 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ, பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பொது வார்டில் படுக்கை கிடைத்தது. இரண்டு நாள் கழித்துப் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்த தாதி சந்தேகப்பட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். அந்த இரண்டு நாளும் அடுத்த படுக்கையில் இருந்தவர் சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருக்கும் சோதனை செய்தார்கள். நல்ல வேளை, அவரிடம் கிருமி இல்லை. இதை மருமகள் எங்களிடம் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் மேல் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒதுக்கி வைப்பார்கள் என்று அஞ்சுகிறவர் உண்மையைச் சொல்லத் தயங்குவது இயற்கை.

இனி அந்தச் சோதனையைப் பார்ப்போம். எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைத் தேட வேண்டுமானால் மூக்கின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியைத் தடவி எடுப்பார்கள். கார்பபெனெமுக்கு அடங்காத கிருமிகள் குடலில் குடியிருப்பவை. ஆதலால் அவற்றைத் தேட ஆசனவாயிலிருந்து எடுப்பார்கள். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை, ஒரு நிமிஷ வேலை.

பழைய முறையில் குச்சியில் வந்ததை உணவுக் கூழ் பரப்பிய தட்டில் தேய்த்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துக் கிருமி வளரும்வரை காத்திருப்பார்கள். ஓர் இரவு வேண்டும், சில வேளை இரண்டு. வளர்ந்தது இன்னதென்று அறிந்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அதற்குள் கிருமி ஒரு கையிலிருந்து மறு கைக்கு, ஒரு கட்டில் கம்பியிலிருந்து மறு கட்டில் கம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

புது முறை, கிருமி வளரும்வரை காத்திருப்பதில்லை. அதன் மரபணுவையே தேடுகிறது. மூலக்கூற்றுச் சோதனை என்பது இதுதான். பி.சி.ஆர். என்றால் உங்களுக்கு உடனே தெரியும். 2020இல் கோவிட் வந்தபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர்.தான். அன்று தேடியது கோவிட் கிருமியின் மரபுப் பொருளை. இங்கே தேடுவது மருந்தை வெல்லும் மரபணுவை.

லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்குள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு அடுக்காக ஆயிரம் புடவைகள். உங்களுக்கு வேண்டியதோ மாங்காய்க் கரை போட்ட ஒரே ஒரு புடவை. கையில் அதே மாங்காய்க் கரை உள்ள ஒரு துண்டுத் துணி இருக்கிறது. ஆயிரம் புடவையிலும் அந்தத் துண்டோடு சரியாகப் பொருந்துவது ஒன்றுதான். பி.சி.ஆர். சோதனையில் இப்படிப்பட்ட சிறு மரபணுத் துண்டுகளைச் செய்து போடுகிறார்கள். மெக் ஏ மரபணுவுக்கு ஒரு துண்டு, என்.டி.எம். மரபணுவுக்கு வேறு துண்டு. மரபணு இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் சூட்டில் இழைகள் பிரியும். சூட்டைத் தணித்தால் நம் துண்டு தனக்குப் பொருந்திய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நொதி வந்து, ஒட்டிய இடத்திலிருந்து இழையை நெய்து முடிக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி சூடு, மறுபடி நெசவு. இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. முப்பது சுற்று முடிந்தால் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும்! பிள்ளைகளைக் காகிதத்தில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதையேதான். பெருகப் பெருக அதோடு சேர்ந்து ஒரு சாயம் ஒளிரும். கருவி அந்த ஒளியைக் கண்டு 'இருக்கிறது' என்று காட்டும். பொருந்தும் மரபணு இல்லையென்றால் துண்டு ஒட்டாது, நெசவு நடவாது, ஒளியும் வராது.

கொதிக்கும் அளவுக்குச் சூடேற்றியும் கெடாத அந்த நொதி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற இடத்து வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து! தாமஸ் புரோக் என்பவர் 1960களில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டபோது அது எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. பி.சி.ஆர். முறையைக் கேரி மல்லிஸ் 1983இல் வகுத்தார். 1993இல் நோபல் பரிசு பெற்றார். இன்று குச்சியைச் சிறு பெட்டி ஒன்றில் போட்டுக் கருவிக்குள் செருகினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடை வந்துவிடும் அளவுக்கு இது எளிதாகியிருக்கிறது. காசநோய்க் கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சளியிலிருந்தே இரண்டு மணி நேரத்தில் சொல்லும் இத்தகைய கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றுப் பரிந்துரைத்தது.

இந்தச் சோதனையிலும் குறைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நாம் எந்தக் கரையைத் தேடினோமோ அந்தக் கரை மட்டுமே கிடைக்கும். புதுக் கரையோடு ஒரு கிருமி வந்தால் கருவி கண்டுகொள்ளாது. 2011இல் அப்படித்தான் 'மெக் சி' என்று ஒரு புது மரபணு வெளிப்பட்டது. மெக் ஏ மட்டும் தேடிய சோதனைகளுக்கு அது தென்படவில்லை. செத்த கிருமியின் மரபணுவும் ஒளியைக் காட்டிவிடலாம். எந்த மருந்து கேட்கும் என்பதை முழுமையாக அறிய இன்றும் தட்டில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். விலையும் கூடுதல். ஆகவே எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நோயாளிக்கும் இதைச் செய்வதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர், வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றப்பட்டவர், நெடுநாள் படுக்கையில் இருப்பவர் என்று பார்த்துத்தான் செய்கிறார்கள்.

குச்சி எந்தக் கிருமியையும் கொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்டுபிடித்த பிறகு செய்கிற வேலைதான் காப்பாற்றுகிறது. நெதர்லாந்து நாட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளவர்களைத் தேடிக் கண்டு, தனி அறையில் வைத்துக் கிருமியை நீக்கும் முறையைப் பல்லாண்டாகக் கடைப்பிடிக்கிறார்கள். அங்கே அக்கிருமி மிகக் குறைவு. ஆனால் அமெரிக்காவில் 43 மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சோதித்துத் தனிப்படுத்துவதைவிட, எல்லா நோயாளிகளையும் குளோர்ஹெக்சிடின் மருந்தில் நனைத்த துணியால் துடைத்து, மூக்கில் மருந்து போட்டது கூடுதல் பலன் தந்தது. அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு முடியவில்லை. எங்கள் எண்ணத்தில், குடலில் குடியேறும் கிருமிகளைப் பொறுத்தவரை தேடிக் காண்பதற்கு மாற்று வழி இன்னும் வரவில்லை. மூக்கிலுள்ளதை மருந்து தடவி நீக்கலாம்; குடலிலுள்ளதை நீக்க நம்பகமான மருந்து கிடையாது. மூதாட்டிக்கு மாத்திரை கொடுக்காததன் காரணமும் இதுவே. நோய் உண்டாக்காமல் சும்மா இருக்கும் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் செத்து, அந்தக் கிருமிக்கு இன்னும் இடம் அகலமாகும். மருந்துக் கடையில் அன்று கேப்சூல் கிடைத்திருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் இவ்வளவு காவல்? அங்கே இருப்பவர்களின் உடம்பில் வாசல்கள் திறந்திருக்கின்றன. கையில் டிரிப் ஊசி, சிறுநீர்க் குழாய், அறுவைக் காயம், மூச்சுக் குழாய். குடலில் சாதுவாக இருந்த கிருமி இந்த வாசல் வழியாக இரத்தத்துக்குள் நுழைந்தால், கொடுக்க மருந்து மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று கோலிஸ்டின் என்ற பழைய மருந்து. அதைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை நம் நாடு 2019 தொடக்கத்தில் தடை செய்ததும் இதனால்தான். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கையுறையும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு தாதி வருவது மூதாட்டியை அருவருத்து அல்ல. அடுத்த கட்டிலுக்குத் தம் கைகளோடு அது போய்விடக் கூடாது என்றுதான்.

நோயாளியைப் பார்க்கப் போகும் நம் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் சும்மா பார்த்துவிட்டு வருகிறவர்கள் அல்லர். கட்டிலில் உட்காருவோம், தலையைத் தடவுவோம், கொண்டு போன இட்டலியை அடுத்த கட்டில்காரருக்கும் பிட்டுக் கொடுப்போம், அவர் கையைப் பிடித்து நலம் விசாரிப்போம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கட்டிலுக்கும் நடுவே கையைக் கழுவ வேண்டும். கட்டிலோரம் தொங்கும் புட்டியிலுள்ள கைமருந்தைத் தேய்த்துக்கொண்டாலும் போதும்.

வீட்டிலோ நிலைமை வேறு. உடல்நலமுள்ள பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டியின் குடலில் இருக்கும் கிருமியால் வரும் ஆபத்து மிகக் குறைவு. தனித் தட்டு வேண்டியதில்லை. எல்லாத் தட்டையும்போல சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கழிவறைக்குப் போய் வந்த பின்னும் சமையலுக்கு முன்னும் சோப்பால் கைகழுவுவது, புண்ணை மூடி வைப்பது, புண் கட்டிய கையைக் கழுவுவது, இவ்வளவுதான். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பல பேருக்குச் சில மாதங்களில் கிருமி தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. சிலருக்கு ஓராண்டு தாண்டியும் இருக்கும்.

தீபாவளி கழித்து ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போனோம். லயத்து ஐந்தடியில் மூதாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தனிக் குவளை எங்கே என்று கண்ணால் தேடினோம், காணவில்லை. கடைக்குட்டிப் பேத்தி அவர் மடியில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். கிழவி தாமே எழுந்து போய், கையைக் கழுவிவிட்டு, எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்தப் பூச்சி இன்னும் உள்ளேதான் இருக்கா, வாத்தியாரையா?" என்று கேட்டார்.

இருந்தாலும் இருக்கலாம், போயிருந்தாலும் போயிருக்கலாம். அடுத்த குச்சி சொல்லும் என்றோம். மருமகள் உள்ளேயிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துவந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அட்டையின் பின்புறத்தில் கிருமியின் பெயர், சோதித்த தேதி, முன்பு தங்கிய ஆஸ்பத்திரியின் பெயர், தங்கிய நாட்கள் எல்லாவற்றையும் மகனைக் கொண்டு எழுதி ஒட்டியிருந்தார். எங்களிடம் படித்த பையன் அல்லவா, கையெழுத்து அழகாகவே இருந்தது. ஒரே ஒரு எழுத்துப்பிழை. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.